மாப்பிள்ளை கம்பெனி வச்சிருக்காரு

எண்பதுகளின் கடைசியில், பெண்ணாடத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கல்யாணத் தரகர் சொன்னார்: "மாப்பிள்ளை விருத்தாசலத்துல சொந்தமா கம்பெனி வச்சிருக்காருங்க. செராமிக் கம்பெனி."

அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. மில்லு என்றுதான் நாங்கள் சொல்வோம். மில்லு என்றால் வானத்தைத் தொடும் புகைபோக்கி, ஊருக்கே கேட்கும் சங்கு, பெரிய கேட்டு, கேட்டுக்கு வெளியே கரும்பு டிராக்டர் வரிசை. கம்பெனி என்று காதில் விழுந்ததும் அப்பா அதே அளவில் ஒன்றை மனத்துக்குள் கட்டி முடித்துவிட்டார். அம்மா ஒருபடி மேலே போய், அன்று சாயங்காலமே பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே அப்பாவும், தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்த மாமாவும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"கம்பெனியாம் கம்பெனி! நம்ம மாட்டுக்கொட்டா இதவிடப் பெருசு. கேட்டு இல்ல, வாட்ச்மேன் இல்ல. ஒரு ஷெட்டு. உள்ள மூணு பொம்பளைங்க பீங்கான் பியூஸ் கட்டை செய்யுறாங்க. கம்பெனி எங்க தம்பின்னு கேட்டா, இதாங்கங்கறாரு."

"அதுக்குப் பேரு கம்பெனி இல்ல மச்சான், கன்சர்ன்னு சொல்லணும்" என்றார் மாமா.

"என்னா பேரா இருந்தா என்னா? பத்து பேரு சேந்தாப்ல நிக்க எடமில்ல."

நான் அப்போது விருத்தாசலம் காலேஜில் பி.காம் கடைசி வருஷம். கம்பெனி என்றால் சட்டம் பெற்றெடுத்த ஓர் ஆள், அதற்கென்று தனி முத்திரை உண்டு, பங்குதாரர்கள் செத்தாலும் அது சாகாது என்று படித்துக்கொண்டிருந்தேன். தெரிந்ததைச் சொல்லிவைத்தேன். "ஒரே ஆளு நடத்துனா அது கம்பெனி இல்லப்பா. அவரு தனி முதலாளி."

"முதலாளியா? கையெல்லாம் களிமண்ணு. எங்களப் பாத்துட்டு அவசரமாக் கழுவக்கூட இல்ல, அப்படியே கும்புட்டாரு" என்றார் அப்பா, குற்றம் சொல்வதுபோல.

எனக்கு அந்த இடம்தான் பிடித்துப்போனது. பெண் வீட்டார் வந்து நிற்கும்போதும் கையைக் கழுவ ஓடாத ஆளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

காலேஜுக்காக நான் தங்கியிருந்தது விருத்தாசலத்தில் அப்பாவின் அக்கா வீட்டில். அத்தையிடம் சொன்னேன். "நேராப் போய்ப் பாத்துட்டாப் போச்சு. டீ கப்பு வாங்க வந்தோம்னு சொல்லிக்கலாம்" என்று அத்தை உடனே புடவை மாற்றக் கிளம்பிவிட்டார்.

நாங்கள் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். ஷெட்டுக்குள் மூன்று பெண்களும் அவரும் வட்டமாக உட்கார்ந்து தூக்குகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். போட்டோவில் பார்த்திருந்ததால் அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"இங்க கப்பு செய்யறதில்லைங்க" என்றார் அத்தையிடம்.

அத்தை கப்பை அத்தோடு விட்டுவிட்டார். "கம்பெனி இம்மாந்தானா தம்பி?"

"இம்மாந்தாங்க."

நான் கேட்டேன்: "அப்புறம் ஏங்க கம்பெனின்னு சொல்லி அனுப்புனீங்க?"

"நான் யூனிட்டுன்னுதாங்க சொன்னேன். தரகர்தான், யூனிட்டுன்னா கரண்டு பில்லுன்னு நெனச்சுக்குவாங்க, நான் பாத்துக்கறேன்னுட்டாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வட்டத்தில் மூத்தவராக இருந்த அக்கா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "எங்களுக்கு இது கம்பெனிதாம்மா. கம்பெனிக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் வூட்டுலேர்ந்து கெளம்புறோம். ஷெட்டுக்குப் போறேன்னா எவ மதிப்பா?"

சாப்பிடாமல் போகக் கூடாது என்று எங்களுக்கும் இலை போட்டு உட்காரவைத்தார்கள். கத்தரிக்காய்க் காரக்குழம்பு. எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்து, சும்மா இருக்க மாட்டாமல் அதையும் சொன்னேன்: கம்பெனி என்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு மூலத்தில் அர்த்தம், சேர்ந்து ரொட்டி சாப்பிடுகிறவர்கள் என்பதாம்.

அவர் என் இலையைப் பார்த்தார். "அப்ப நீங்களும் இன்னைக்குக் கம்பெனியில சேந்துட்டீங்க."

அத்தைக்குப் புரையேறிவிட்டது.

ஊருக்குப் போனதும் அம்மாவிடம் என் சம்மதத்தைச் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து அப்பா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலேயே கேட்டார்: "அந்த ஷெட்டுல பேன் இருக்குதா?"

"இல்லப்பா."

கல்யாணச் சீர்வரிசையில் கட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி நின்றது. மில்லில் வைத்திருப்பதுபோல் பெரியது. அதை ஷெட்டில் முதல்முறை போட்டபோது காய வைத்திருந்த கட்டைகளின் மேலிருந்த மண் தூசியெல்லாம் பறந்து எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது.

தொண்ணூறுகளில் நானும் பங்குதாரர் ஆனேன். "இப்ப உங்களது ஃபர்ம்மா மாறிடுச்சு" என்று பேங்க் மேனேஜர் கை குலுக்கினார். ஃபர்ம் ஆன பிறகு போர்டு இல்லாமல் எப்படி? வீட்டுக்காரர் இண்டஸ்ட்ரீஸ் என்றார். நான் எண்டர்பிரைசஸ் என்றேன், சொல்லும்போது வாய் நிறைகிறது என்பதற்காக. மாமாவோ, தமிழில் நிறுவனம் என்று போட்டால்தான் கௌரவம் என்று ஒற்றைக்காலில் நின்றார். போர்டு எழுத வந்த பெயின்டர் தகட்டை ஜாணால் அளந்து பார்த்துவிட்டு எங்கள் சண்டையைத் தீர்த்துவைத்தார்.

"நீங்க சொல்ற எதுக்கும் தகடு பத்தாதுங்க. ஒர்க்ஸ்னு போட்டுருவோம். மீதி எடத்துல ஒரு தாமரை வரைஞ்சு தரேன்."

போர்டு மாட்டிய அன்று அந்த மூத்த அக்கா அண்ணாந்து பார்த்தார். "ஒர்க்ஸுன்னா என்னாம்மா?"

"வேலைங்கக்கா."

"அதான் காலையிலேர்ந்து பாக்குறோமே. அத எழுதி வேற மாட்டணுமா?"

அப்பா ரிட்டயர் ஆனதும் வாரம் ஒருமுறை பஸ் பிடித்து வருவார். விசிறிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேக்கிங் செய்கிறவர்களிடம் மில் கதைகளைச் சொல்வார். அப்படி ஒருநாள் பெங்களூருக்கு எங்கள் முதல் முழு லாரி லோடு கிளம்பியது. கிளீனர் காய்ச்சல் என்று வரவில்லை. டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தனியாப் போனா தூக்கம் வந்துரும்க்கா. கம்பெனிக்கு யாராவது வந்தா நல்லாருக்கும்."

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நான் வரேன்."

"அப்பா, அவ்ளோ தூரம்ப்பா."

"பேசிக்கிட்டே போறதுக்கு என்னாம்மா தூரம்?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டிரைவர் கை கொடுக்க, லாரியில் ஏறிவிட்டார்.

நான்கு நாள் கழித்து ஒரு பை நிறையச் சௌசௌவும் வெண்ணெய் பிஸ்கட்டுமாக வந்து இறங்கினார். குரல் சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது. டிரைவர்தான் இறங்கி வந்து சொன்னார்: "அக்கா, அடுத்த லோடுக்கும் பெரியவர அனுப்புங்க. திருவண்ணாமல தாண்டியும் கரும்பு மில்லுக்குள்ளயேதான் இருந்தோம். கண்ண மூட வுடலியே மனுஷன்!"