வழிமொழிபவர்

அஸ்தினாபுரம் வட்டாரத்தில் ஞானஜோதி டீச்சரை அழைக்காத கூட்டம் கிடையாது. சர்ச் மாதர் சங்கம், பள்ளி ஆசிரியர் கூட்டம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று எதுவானாலும், ஒருவர் தீர்மானத்தை முன்மொழிந்ததும் தலைவரின் பார்வை அவள் பக்கம் போகும். அவள் பாதி எழுந்து, "வழிமொழிகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. புது ஹார்மோனியம், சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை, தெருவிளக்கு எல்லாவற்றிலும் இரண்டாவது பெயர் அவளுடையதுதான்.

எழுபத்தொன்றாம் வருஷம் பஞ்சாயத்தில் அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு தெருக்குழாய் ஒதுக்கினார்கள். எங்கே போடுவது என்று நலச் சங்கம் எழுதிக்கொடுக்க வேண்டும். ஏரிக்கரைக் குடிசைகளுக்குப் பக்கத்திலா, காலனி முனையிலா என்பதுதான் கேள்வி. மார்ச் கூட்டத்தில் செயலாளர் சம்பத், "காலனி முனை" என்று முன்மொழிந்தார். தலைவர் ஐசக் வழக்கம்போல ஞானஜோதியைப் பார்த்தார்.

அவள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் எல்லம்மா குடிசையில் இருப்பவள். கோடை வந்தால் கிணற்றடியில் வரிசை நின்று, ஒன்பது மணிக்குத்தான் வேலைக்கு வர முடியும். ஞானஜோதி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வாய் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, அடுத்தது" என்றார் ஐசக்.

வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் செல்லாது. பேசாமல் இருந்தே தடுத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அவள் வீடு திரும்பினாள்.

சம்பத் ஆபீசில் ஸ்டெனோ. எப்படியும் இதுதான் நடக்கப் போகிறது என்று, கூட்டத்துக்கு முதல் நாளே மினிட்ஸ் புத்தகத்தில் நடவடிக்கையை அழகாக எழுதி முடித்துவிடுவது அவர் பழக்கம். அது அவளுக்குத் தெரியாது. இந்த முறையும் தன் பெயர் ஏறிவிட்டது என்பது எல்லம்மா சொல்லித்தான் தெரிந்தது.

"இன்னா டீச்சரம்மா, கொயாய் எங்காண்ட வாணாம்னு நீதான் கையெழுத்து போட்டியாமே?"

"நானா? யார் சொன்னது?"

"சம்பத்து சார்தான். 'டீச்சரே சொல்லிட்டாங்க, நான் இன்னா பண்றது'ன்னாரு." எல்லம்மா சாம்பலை எடுத்து ஒரு குண்டானைத் தேய்க்க ஆரம்பித்தாள். "பெரிய மன்சங்க பேசிக்கினு கீறீங்க. எனக்கு இன்னா தெரியும்."

மினிட்ஸ் அடுத்த கூட்டத்தில் ஊர்ஜிதமான பிறகுதான் கடிதம் பஞ்சாயத்துக்குப் போகும். ஏப்ரல் கூட்டத்தில் சம்பத் வாசித்தார்: "திருமதி ஞானஜோதி அவர்கள் வழிமொழிய, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது."

அவள் முழுசாக எழுந்து நின்றாள். கை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நான் வழிமொழியல சார்."

"என்ன டீச்சர் இது, ஃபேர் காப்பி எழுதியாச்சே!" என்றார் சம்பத். "அடிச்சா புத்தகமே அசிங்கமாயிடும்."

"நான் எழுந்திருக்கவே இல்லையே."

ஐசக் கண்ணாடியைக் கழற்றினார். "எழுந்திருக்கலன்னா சம்மதமில்லன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? எப்பவுமே உங்க குரல் பாதிதான் கேக்கும். அன்னிக்கும் சொல்லிட்டீங்கன்னுதான் நெனச்சேன்."

அதில் உண்மை இருந்தது. அவளுக்கு முகம் சுட்டது. இத்தனை வருஷம் தான் சொன்னதும் சொல்லாததும் இவர்கள் காதில் ஒன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

"அப்ப இப்ப கேளுங்க சார். எனக்குச் சம்மதமில்ல. குடிசைப் பக்கம்தான் குழாய் வரணும்."

"சரி, சம்பத் தீர்மானத்தை வேற யாராவது வழிமொழியறீங்களா?" என்று கேட்டார் ஐசக்.

பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் வீட்டிலும் ஏரிக்கரையிலிருந்து ஒருத்தி வந்து வேலை செய்கிறாள். குழாய் காலனியில் வரட்டும் என்று எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் அதில் தன் பெயர் வரக் கூடாது. பின்னாலிருந்து ஒருவர், "டீச்சர் பேர்லயே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். சிரிப்பு எழுந்தது. கை ஒன்றும் எழவில்லை. ஸ்கேல் வைத்து அந்த வரியைக் கோடிழுத்து அடித்தார் சம்பத்.

சங்கத்திலிருந்து கடிதம் போகாததால் பஞ்சாயத்தே இடம் பார்த்தது; குழாய் ஜூனில் ஏரிக்கரையில் வந்தது. அந்த மாதக் கூட்டத்துக்கு ஞானஜோதிக்கு நோட்டீஸ் வரவில்லை.

"கொயாய் வந்துச்சு, தண்ணிதான் ஒரு மணி நேரத்துல நின்னுடுது" என்றாள் எல்லம்மா. "அதுக்கு எந்த மீட்டிங்குல நிக்கப் போறே?"

ஞாயிற்றுக்கிழமை, அழைக்காத கூட்டத்துக்கு அவள் ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.