சுக்குத்தண்ணி குடிக்கும் சாமி

மொக்கையன் சாமி சிலைக்கு மீசை மட்டும் ஒரு முழம். சாகும்போது அவருக்கு வயசு இருபதோ இருபத்திரண்டோ; அந்த வயசில் அப்படியொரு மீசை முளைக்க வழியே இல்லை. முத்திருளனின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இது யாருக்கும் உறைக்கவில்லை. முத்திருளனுக்கு உறைத்தது. வீட்டிலேயே முதன்முதலாகப் பசுமலைக் கல்லூரிக்குப் போய் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறென்ன உறைக்கும்?

ஆனால் அவனுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. கோச்சடை ஊர்க்காரி அன்னக்கொடியைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் மொக்கையன் எப்படிச் செத்தார் என்று தெரிந்தாக வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில், பெண் எடுத்த கோச்சடைக்கு விருந்துக்குப் போனவரை மாமனார் வீட்டார் சோற்றில் விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்பது குடும்பக் கதை. அதன்பின் நூறு வருஷமாக அந்த ஊரில் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. பஸ் அங்கே பஞ்சராகி நின்றாலும் இறங்கித் தண்ணீர் குடிப்பதில்லை.

எதற்காகக் கொன்றார்கள்? நிலத்துக்காக என்றார் ஒரு பங்காளி. வெள்ளைக்காரன் தூண்டிவிட்டான் என்றார் கட்சிக்காரப் பங்காளி. "அழகுடா. அம்புட்டு அழகு. அந்தப் பொறாமைதேன்" என்றார் இன்னொருவர், நேரில் பார்த்தவர் மாதிரி.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாசலில் இதைக் கேட்டதும் அன்னக்கொடி சிரித்துவிட்டாள்.

"வெசமா? எங்க ஊர்ல வந்து கேளுங்க. உங்க பாட்டனாரு தின்னே செத்தாரு."

"என்னது?"

"பட்டினி கெடந்த வயிறு. கறியக் கண்டதும் நிறுத்தவே இல்லையாம். போதும்னு சொன்னவுக கையத் தட்டிவிட்டாராம். பொழுது சாயறதுக்குள்ள வயித்தப் பிடிச்சுக்கிட்டு விழுந்தவரு, எந்திரிக்கல."

"எங்க சாமியடி அது!"

"எங்க ஆடு அது. ஊரே கெழங்கு தோண்டித் தின்ன வருசத்துல, கடைசியா நின்ன ஒத்த ஆட்ட மருமகனுக்குன்னு அறுத்தாக. அதுக்குத்தேன் எங்களுக்குக் கொலகாரக் குடும்பம்னு பேரு."

கோபமாகப் பஸ் ஏறியவனுக்குப் பாதி வழியில் ஒரு சந்தேகம் வந்தது. குலசாமி கும்பிடும்போது கருப்பனுக்குக் கிடாய், சுருட்டு, மதுவிலக்கை மீறிச் சாராயம். மொக்கையனுக்கு மட்டும் ஓமம் போட்டுக் கொதிக்க வைத்த சுக்குத்தண்ணி ஒரு செம்பு. கறி அவர் கண்ணில் படக்கூடாது என்று நடுவே வேட்டியைக் கட்டி மறைப்பார்கள். கேட்டால், "உக்கிரமான சாமி, சூடு தணியணும்" என்பார்கள். சுக்கே சூடு, அது எப்படிச் சூட்டைத் தணிக்கும்? வயிறு உப்பினால் அல்லவா அம்மா சுக்குத் தட்டுவாள்!

வருஷாவருஷம் அந்தச் சுக்கைத் தட்டிக் கொடுத்தவனே அவன்தான். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரலாறு படித்திருக்கிறான். பஸ்ஸில் தனியாகச் சிரித்தான். அப்புறம் சிரிப்பு வரவில்லை. எத்தனை நாள் கொலைப் பட்டினியோடு அந்தப் பையன் கோச்சடைக்கு நடந்திருப்பான்?

மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள் காலை, குலசாமி கோயிலில் பெரியப்பா பேயாண்டி மேல் மொக்கையன் இறங்கினார். இறங்கிவிட்டால் கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொன்ன வாக்கைக் குடும்பத்தில் யாரும் மீற முடியாது.

முத்திருளன் செம்பை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். "சாமி, வெசம் தின்னவுகளுக்கு எதுக்கு சுக்குத்தண்ணி?"

மேளம் நின்றது. சாமியின் ஒரு கண் மட்டும் திறந்தது. அது பெரியப்பாவின் கண்.

"பொத்திக்கிட்டுக் குடுறா" என்றது சாமி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"தாரேன். கோச்சடையில நான் பொண்ணெடுக்கலாமா, அதச் சொல்லுங்க. இல்லேன்னா அன்னிக்கு எம்புட்டுக் கறி தின்னீகன்னு கேப்பேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். சாமி கொஞ்ச நேரம் வெறுமனே ஆடியது. யோசிப்பதற்காக ஆடுகிற ஆட்டம்.

"பொறுத்துட்டேன்டா! கொலகாரப் பயலுகளப் பொறுத்துட்டேன்! எடுத்துக்க!"

படித்தவன் அந்தக் 'கொலகார'னை அங்கேயே மறுத்திருக்க வேண்டும். அந்தக் கடைசி ஆட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். முத்திருளன் வாயைத் திறக்காமல் செம்பை நீட்டினான். பெண் கிடைத்தது, அன்னக்கொடியிடம் "பொறுத்துட்டேன்" என்பதை மட்டும் சொன்னான்.

"யாரு யாரப் பொறுக்குறது?" என்றாள் அவள்.

கல்யாணத்துக்கு மறுநாள் கோச்சடையில் கறிவிருந்து. நூறு வருஷத்துக்குப் பிறகு பங்காளிகள் அத்தனை பேரும் அந்த ஊரில் இலை முன் உட்கார்ந்தார்கள். பேயாண்டி மறுபடி மறுபடி கறி வாங்கினார். அன்னக்கொடி பட்டுச்சேலையோடு வந்து ஒரு செம்பை அவர் இலையோரம் வைத்தாள். சுக்கு வாசனை பந்தி முழுக்கப் போனது.

"குடிங்க பெரிய மாமா. இந்த வாட்டியும் பழி எங்க மேல வந்துறக் கூடாதுல்ல."

முத்திருளன் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா செம்பைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். ஒரே மடக்கில் குடித்தார். பெரிதாக ஏப்பம் விட்டார்.

"அன்னைக்கே எவளாச்சும் இத ஒரு வாய் குடுத்திருந்தா, மொக்கையன் பொழச்சிருப்பான் ஆத்தா" என்றார், பந்திக்கே கேட்கும்படி. "ஆடு என்ன செய்யும் பாவம்."