இரண்டு தடவை எடுத்த இடது கால்

மூணு வருஷத்துக்கு முன்னால் பழவேற்காடு ஏரிப் பக்கத்து ஜனங்க வந்து போகிற ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் பதிவு ஏற்றுகிற வேலை. அப்போது மேலிடத்தில் ஒரு கணக்கு கேட்டார்கள். சர்க்கரை வியாதியால் காலை எடுத்தவர்கள் நம்ம பகுதியில் எத்தனை பேர்னு ஆபரேஷன் ரிஜிஸ்டரைப் பார்த்து எண்ணிச் சொல்ல வேண்டும்.

எண்ணுவது என்ன பெரிய வேலைனு அலட்சியமாகத்தான் உட்கார்ந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கால் ஒரே நாளில் போவதில்லை. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. ஒரே ஆள் மூணு வரியில் வருவார். பேர், ஊர், எந்தக் கால் எல்லாம் ஒத்துப்போனால் ஒரே ஆள்தான்னு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். வயசைக் கணக்கில் எடுக்கவில்லை. நம்ம ஜனங்க வயசை வாய்க்கு வந்தபடி சொல்வாங்க. டாக்டர்கூட பாராட்டினார். எனக்கு ஒரே பெருமை.

லைட்ஹவுஸ் குப்பம் தாண்டி ஒரு மீனவர் குப்பம். அங்கே ஒரு பேர் இரண்டு வரியில் இருந்தது. ஒன்றில் இடது கால் விரல் எடுத்தது. மூணு மாசம் கழித்து இன்னொன்றில், இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தது. இனிஷியலும் ஒன்றுதான். யோசிக்காமல் ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டேன்.

இப்படி நான் எடுத்த பேர்ப் பட்டியலை வைத்துத்தான் நர்ஸ் வீடு வீடாகப் போனார். விரல் மட்டும் போனவர்களுக்குப் புண்ணைப் பார்த்துக் கட்டுப் போட்டு, மீதிக் காலைக் காப்பாற்ற வேண்டும். கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால். நான் சேர்த்த ஆள் கால் போனவர் பட்டியலில் இருந்தார்.

ஏழெட்டு மாசம் கழித்து ரிஜிஸ்டரில் மறுபடியும் அதே பேர், அதே குப்பம். இடது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்தது. இல்லாத காலை எப்படி எடுப்பாங்க? எழுதின புண்ணியவான் வலதை இடதுன்னு எழுதித் தொலைத்திருக்கிறார்னு திட்டிக்கொண்டே, நேரில் கேட்டுத் திருத்தக் கிளம்பினேன்.

குப்பத்தில் பேரைச் சொன்னதும், வெயிலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து, "எந்த ஆளு? ரெண்டு பேரு கீறாங்களே" என்றார்.

அந்த இரண்டு பேருடைய அப்பாக்களும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி; அவரவர் மூத்த மகனுக்குத் தங்கள் அப்பா பேரையே வைத்திருந்தார்கள். அங்கே அதுதான் வழக்கம். குப்பத்துக்குள் கூப்பிடுவதெல்லாம் பட்டப்பேர். ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருவருக்கும் தாத்தா பேர். அண்ணன் பேரும் தம்பி பேரும் ஒரே எழுத்தில் ஆரம்பித்ததால் இனிஷியலும் ஒன்றாகிவிட்டது. நான் காட்டூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்க ஊரிலும் தாத்தா பேர் வைப்பாங்கதான். அது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

அந்த ஒரே பேர்க்காரர்கள் இருவரும் ஃபைபர் படகு நிழலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்குச் செயற்கைக் கால். இன்னொருத்தருக்குப் புதுக் கட்டு.

கட்டுப் போட்டிருந்தவரின் மனைவிதான் பேசினார். "பக்கத்து வூட்டுக்கு நர்ஸம்மா வந்தப்போ கேட்டேன். இந்தப் பேர்ல ஒருத்தர்தான், அவர பாத்தாச்சுன்னாங்க."

அவர் கணவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லிஸ்ட்டுல இல்லன்னா நம்ம புண்ணு ஆறிப்போச்சின்னு நெனச்சிக்கினேம்மா. எறாலு புடிக்க ஏரில எறங்கிட்டேன்."

உங்களை ஒருத்தராக்கினது நான்தான்னு சொன்னேன். அவர் மனைவி எழுந்து குடிசைக்குள் போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூட தேவலை.

வலையைக் கீழே வைத்துவிட்டு அவர்தான் கேட்டார். "இப்பவாச்சும் ரெண்டுன்னு எழுதிக்கினியாம்மா?"

எழுதினேன். இன்றைக்கும் ஒரே பேர் இரண்டு வரியில் வந்தால், அந்த வீட்டுக்குப் போன் போட்டு ஆள் யாருன்னு கேட்காமல் சேர்ப்பதில்லை. எங்கள் கணக்குப்படி அந்தக் குப்பத்தில் காலை இழந்தவர்கள் இரண்டு பேர், அது சரியான கணக்குதான். அன்றைக்கே நான் அவர்களை இரண்டு பேர்னு எழுதியிருந்தால், இன்று அது ஒன்றாகவே இருந்திருக்கும்னு தோன்றாத நாளில்லை.