மூணு பேருக்கும் சேர்த்து ஒரு விசா

ஒரகடம் கூட்டுரோட்டில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்த சுப்பராயனுக்கு வெளிநாட்டு ஆசை வந்தது எழுபத்தொன்பதாம் வருஷம். பக்கத்து ஊர் நாகப்பன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன், கூலிங்கிளாசைக் கழற்றாமலே டூரிங் கொட்டகையில் படம் பார்த்துவிட்டுப் போனான். அதுதான் காரணம்.

மனைவி ரத்னா தடுக்கவில்லை. "போலாம். ஆனா நீ, நானு, பாப்பா, மூணு பேரும் சேந்து போலாம். ஒரு ஆளு மட்டுந்தான்னா நான் போறேன், நீ வூட்ல இரு."

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த கோதண்டம், பாஸ்போர்ட் வேலையும் பார்த்துவந்தான். இருவரும் அவனிடம் போனார்கள். பஞ்சர் ஒட்டிக்கொண்டே விளக்கினான்.

"வேலை விசான்னா உடனே சம்பளம். ஆனா தனி ஆளாத்தான் போவணும். படிக்கிற விசான்னா சீமைக்குப் போலாம், பொண்டாட்டி புள்ளையையும் இட்டுகினு போலாம். ஆனா படிக்கணும்."

"யாரு?"

"நீதான் நைனா."

சுப்பராயனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர்.

வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. "வேலைக்குன்னா போன அன்னிக்கே ஸ்பேனரப் புடிச்சிடுவேன். படிக்கிறதுன்னா பரீட்சை வருமே" என்று புலம்பினார்.

"பரீட்சைக்குப் பயந்துகினு பொண்டாட்டிய வுட்டுட்டுப் போவியா?" என்றாள் ரத்னா.

அன்று ராத்திரியே படிக்கிற விசா என்று முடிவானது.

கோதண்டம் எப்படியோ லண்டனில் விவசாய இயந்திரம் சொல்லித்தரும் ஒரு இடத்தில் சீட் வாங்கிவிட்டான். பார்வைக்கு ஸ்டூடண்ட் மாதிரி இருக்கவேண்டும் என்று மீசையை எடுக்கச் சொன்னான், பெல்பாட்டம் தைக்கச் சொன்னான். மறுநாள் பட்டறைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், "தம்பி, சுப்பராயன் இல்லியா?" என்று கேட்க, இவர் வெட்கத்தில் "வெளிய போயிருக்காரு" என்று சொல்லிவிட்டார். வந்தவர் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்டார். சாயங்காலம் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் லீலாவிடம் இங்கிலீஷ் பாடம். அவள் ஸ்கேலால் அடித்தாள்.

மெட்ராஸில் விசா ஆபீசில் கேள்வி கேட்கப்போகிற நாள் வந்தது. "படிச்சி முடிச்சதும் திரும்பி வருவியான்னு கேப்பான். அழுத்தமா வருவேன்னு சொல்லு. அதான் முக்கியம்" என்று சொல்லி அனுப்பியிருந்தான் கோதண்டம்.

வெள்ளைக்கார அதிகாரி அதையேதான் கேட்டார். பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார். சுப்பராயன் அழுத்த ஆரம்பித்தார். ஒரகடம் ஏரித் தண்ணீர், வல்லம் பக்கத்து வெள்ளரிப் பிஞ்சு, கூட்டுரோட்டு டீ, சித்திரையில் தெருக்கூத்து எல்லாவற்றையும் சொன்னார். "அத்தெயெல்லாம் வுட்டுட்டு எப்டி சார் இருப்பேன்?" என்று நிஜமாகவே கண் கலங்கிவிட்டார்.

அதிகாரி தன் கைக்குட்டையைக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "இவ்வளவு பிடித்த ஊரைவிட்டு ஏன் போகிறீர்கள்?" என்றார்.

சுப்பராயன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அத்தான் சார் எனக்கும் புரியல."

விசா கிடைக்கவில்லை. கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்துபோனார். வெளியே காத்திருந்த ரத்னா நடந்ததைக் கேட்டு, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மீசை முளைத்து முடிவதற்குள் கோதண்டமே தேடி வந்தான். "பஹ்ரைன்ல ஒரு பெரிய வூட்டுக்குப் புருஷன் பொண்டாட்டி ஜோடியா வோணுமாம். நீ டிரைவர், தங்கச்சி சமையல். கொழந்தையும் வரலாம்."

ரத்னா சுப்பராயனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ரத்னா வைத்த ரசத்தை ஒரு தரம் குடித்தவர்கள் அந்த வீட்டுப் பக்கம் சாப்பாட்டு நேரத்தில் வருவதில்லை. அடுப்படி சுப்பராயனுடையது.

பரீட்சை எழும்பூரில் ஒரு பங்களாவில். பஹ்ரைன் வீட்டு மேனேஜர், தன்னைக் காரில் வைத்து ஓட்டச் சொன்னார். அதே நேரத்தில் ரத்னா பிரியாணி செய்யவேண்டும். சுப்பராயன் முன்கூட்டியே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்: பங்களாவைச் சுற்றி வரும்போது நீளமாக ஹாரன் அடித்தால் தீயைக் குறை, சின்னதாக அடித்தால் உப்புப் போடு.

முதல் சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில் சமையலறை ஜன்னலுக்கு நேராக ஒரு எருமை ரோட்டில் படுத்துக்கொண்டது. எருமை எழுந்திருக்கும்வரை சுப்பராயன் சொல்லிவைத்ததை மறந்து சின்னச் சின்னதாக ஹாரன் அடித்தார். உள்ளே ரத்னா உப்பு ஜாடியோடு நின்றிருந்தாள்.

மேனேஜர் ஒரு வாய் வைத்தார். வைத்த வாயை மூட முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "உண்மையில் உங்கள் வீட்டில் சமைப்பது யார்?" என்றார்.

சுப்பராயன் கையைத் தூக்கினார். அன்று சாயங்காலம் அவர் செய்த பிரியாணியை மேனேஜர் இரண்டு தட்டு சாப்பிட்டார். "விசாவில் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். ஆனால் இந்த அம்மா மட்டும் அடுப்புப் பக்கம் போகக்கூடாது" என்றார்.

மூவரும் பஹ்ரைன் போனார்கள். சுப்பராயன் காரும் ஓட்டினார், சமையலும் செய்தார். சும்மா உட்காரப் பிடிக்காத ரத்னா ஒரு வருஷத்துக்குள் கார் ஓட்டக் கற்று, வீட்டு அம்மாவைக் கடைத்தெருவுக்கு ஓட்டிப்போனாள். லீலா அரபியில் சண்டை போட்டாள்.

எண்பத்தேழில் திரும்பி வந்து ரத்னா ஒரு பழைய வேன் வாங்கினாள். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஆள் ஏற்றினாள். பொம்பளை ஓட்டும் வண்டியா என்று முதல் நாள் எல்லோரும் தள்ளி நின்றார்கள். சந்தைக்குப் போகிற பாப்பம்மாள்தான் கோழிக் கூடையோடு முதலில் ஏறினாள்.

"போம்மே, சீக்கிரம் எடு," என்றாள், "கோழி முட்டை வுட்டுடப் போவுது."