ஒரு மாதம் முந்திப்போன மேல்முறையீடு

ராணுவப் போலீசுக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் அம்பாலாவுக்குப் போன பூங்கோதை ஓட்டத்திலும் தாண்டலிலும் தேறிவிட்டாள். திரும்பி வந்தபோது அப்பா லட்சுமணன் டெல்லியில் அவர்கள் இருந்த நரேலா குடியிருப்பின் படிக்கட்டிலேயே நின்றிருந்தார். யார் மூலமோ விஷயம் தெரிந்திருந்தது; எங்கே போனாய் என்றுகூடக் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, கன்னத்தையும் காதையும் சேர்த்து ஓங்கி அறைந்தார்.

"பட்டாளத்துக்கா போற, பட்டாளத்துக்கு? எங்கக்கா அங்க மண்டபம் பேசிட்டு ஒக்காந்திருக்கு. நீ எவன்கூடவோ ஓடிட்டேன்னு ஊரே சிரிக்குது!"

மண்டபம் கள்ளக்குறிச்சியில். மாப்பிள்ளை அத்தை மகன் மதன். பூங்கோதை பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி ஜங்புராவில், தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில். அதை இடித்துத் தள்ளியபின் இங்கே வந்தவள். மதனை ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்ததோடு சரி. 'எனக்கு ஷாதி வேணாம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அறை வாங்கிய பிறகு சில நாள் இடது காதில் வண்டு புகுந்தமாதிரி இரைச்சல். வலியும் இருந்தது. தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள். மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, செவிப்பறையில் ஓட்டை. தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், டெல்லி கண்டோன்மெண்டில் நிபுணர் ஒருவர் மறுபடி பார்ப்பார் என்றார்கள். அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் லட்சுமணன் சோற்றைப் பிசைந்தபடி, "சாமிக்கே புடிக்கல, பாத்தியா" என்றார்.

"சாமி ஓட்டை போடல. நீ போட்ட."

அதற்குப்பின் அவர் உள்ளே நுழைந்தால் இவள் வெளியே போய்விடுவாள். சின்ன வீடு அது. பாதி நேரம் படிக்கட்டில்தான் கழிந்தது. அம்மா பவுனு விடியுமுன் பஸ் பிடித்து, பழைய வீட்டுவேலைக்கே ஜங்புரா போய் அலுத்து வருவாள். வந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் வாயைத் திறக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மேல்முறையீட்டு நாளன்று பவுனு வேலைக்குப் போகாமல் மகளோடு போய் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தாள். உள்ளே காதைப் பார்த்தது ஒரு பெண் அதிகாரி. சீழ் வடிந்ததுண்டா, சின்ன வயதில் காதுவலி வருமா என்று இந்தியில் கேட்டார். இல்லை, இல்லை என்றாள் பூங்கோதை.

"பின்னே எப்படி ஆச்சு?"

கீழே விழுந்ததாகச் சொல்லத்தான் வீட்டிலிருந்து தயாராக வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு. "பாப்பா நே மாரா, மேடம். அப்பா அடிச்சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி ஒருமுறை விளக்கடித்துப் பார்த்தார். "ஓட்டை தானாவே சுருங்கிட்டு வருது. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா மூடியிருக்கும். ஆனா இன்னிக்கு நான் என்ன பாக்கறேனோ அதைத்தான் எழுத முடியும். அடுத்த ஆளெடுப்புக்கு வா. வயசு இருக்கில்ல?"

"இன்னும் ஒரு தடவைக்கு இருக்கு."

முகத்தில் அடித்தமாதிரி பேசியிருந்தால் பூங்கோதை தாங்கியிருப்பாள். அந்த அம்மாள் பரிவாகப் பேசியதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததுமே பவுனுக்குப் புரிந்துவிட்டது. "விடுடி. நம்ம விதி அவ்ளோதான்."

"விதி இல்லம்மா. லட்சுமணன்."

பஸ்சிலிருந்து இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். பவுனு நடுத்தெருவில் கையைப் பிடித்து இழுத்தாள், கெஞ்சினாள், கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஏட்டு சிரித்தார். "பேட்டி, மகளே, பெத்த அப்பன் அடிக்காம வேற யாரு அடிப்பா?"

"எழுதிக்குங்க சாப். எழுதாம நான் போக மாட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அலுத்துப்போய் லட்சுமணனுக்குப் போன் போட்டு வரவழைத்தார்கள். துப்புரவு வேலையில் போடும் ஆரஞ்சுச் சட்டையோடு அப்படியே வந்தார். ஏட்டு அவரை நிற்க வைத்துக் கத்தினார். லட்சுமணன் ஏட்டைப் பார்த்துக் கைகூப்பி, "கல்தி ஹோ கயா, சாப். தப்பாயிடுச்சு. இனிமே கை வைக்க மாட்டேன்" என்றார்.

இதைப் பார்த்தால் மனசு ஆறும் என்றுதான் பூங்கோதை நினைத்திருந்தாள். ஆறவில்லை. யாரோ ஒரு காக்கிச்சட்டைக்கு அவ்வளவு சுலபமாகக் குனிந்தவர் தன் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லையே என்று இன்னும்தான் பற்றிக்கொண்டு வந்தது. புகாரைப் பதிவுசெய்யவும் இல்லை. சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் லட்சுமணன் சொன்னார்: "பெத்தவனை ஸ்டேஷன்ல நிக்க வச்சிட்டல்ல."

"ஆமா" என்றாள்.

அந்த வாரமே துணிமணியை எடுத்துக்கொண்டு ஜனக்புரிக்குப் போய்விட்டாள். பள்ளித் தோழி அகல்யா அங்கே நர்ஸ். அவள் அறையில் ஒண்டிக்கொண்டு, பகலில் மளிகைக் கடையில் வேலை, காலையில் பூங்காவில் ஓட்டம். மதனுக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள் என்று பவுனு சொல்லி அறிந்தாள். நல்லது என்று நினைத்தாள்.

அடுத்த ஆளெடுப்பில் மறுபடி ஓடினாள். இந்த முறை காதைப் பார்த்தவர் ஒரு கிழட்டு டாக்டர். தழும்பு இருக்கிறது, ஓட்டை இல்லை என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவு சீக்கிரம் முடிந்தது.

பயிற்சிக்குப் பெங்களூர் போய்ச் சில வாரம் ஆகியிருக்கும். போனில் பவுனு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பாரு டீக்கடையில என் மவ மிலிட்டரி, என் மவ மிலிட்டரின்னு பாக்கறவன்கிட்டல்லாம் சொல்லிக்கினு திரியறாரு. யூனிபார்ம் போட்டோவை வேற காட்றாரு."

"அவர்கிட்ட போனைக் குடு."

வீட்டை விட்டு வந்தபிறகு முதல்முறையாக அவரோடு பேசப்போகிறாள். லட்சுமணன் தொண்டையைச் செருமினார். "கோதை… நல்லா இருக்கியாம்மா?"

"யாரைக் கேட்டு என் போட்டோவைக் காட்ற?"

"என் மவளை நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

"நீ சொல்லாத. உனக்கு அந்த ஹக் கிடையாது, உரிமை கிடையாது." போனை வைத்துவிட்டாள்.

லட்சுமணன் அந்த வாரம் டீக்கடைப் பக்கம் போகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று பவுனு சொன்னாள்.