செவ்வாய், வெள்ளி: இடமில்லை

மலேசியாவின் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில், பெட்டிகளைப் பிரித்து லேபிள் ஒட்டி லோரிக்கு அனுப்புகிற வேலையில் தாமரை கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்தாள். நாற்பதை நெருங்கும் வயதில் கிடங்குக்குப் புதிய கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்து சேர்ந்தது. கொஞ்ச நாளில் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார்.

"சாரி அக்கா, உங்க ஷிஃப்டுக்கு வேலை இல்லன்னு சிஸ்டம் காட்டுது. அடுத்த மாசம் வர வேணாம் லா."

எதை வைத்து அப்படிக் காட்டுகிறது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சிஸ்டம் என்றால் சாமி வாக்கு மாதிரி, எதிர்த்துப் பேச முடியாது என்றுதான் அப்போது நினைத்திருந்தாள்.

அழுது தீர்த்த பிறகு கோபம் வந்தது. "அந்தச் சனியனுக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துடறேன்," என்று கணவன் பாலனிடம் சொன்னாள். கண்டெய்னர் லோரி ஓட்டுகிற பாலன் சிரித்தான். சிரித்தாலும் அடுத்த வாரமே யாரிடமோ சொல்லிவைத்துப் பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, யூடியூபில் இலவசப் பாடங்களைப் பார்த்துப் பார்த்து வெப் புரோகிராமிங் படித்தாள். ஒரு பட்டனைப் பக்கத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. "நான் நாப்பதடி கண்டெய்னரையே ரிவர்ஸ்ல விட்டுடுவேன், உனக்கு ஒரு பட்டனு நகர மாட்டேங்குது," என்று பாலன் கிண்டலடித்தான். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் முழுப் பக்கமும் வெளுத்துப்போய் நிற்கும். மற்றவர்களுக்கு எரிச்சலூட்டும் அந்தக் கண்டிப்பு தாமரைக்குப் பிடித்திருந்தது. இங்கே தப்பு என்றால் எங்கே தப்பு என்று தேடிப்பார்க்கவாவது முடிகிறதே.

முதல் வேலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கிடைத்தது. இராமலிங்கம் அண்ணனின் முடிவெட்டும் கடையில் சனி, ஞாயிறு என்றால் கூட்டம் நடைபாதைவரை நிற்கும். யார் எப்போது வரலாம் என்று வாடிக்கையாளர்களே போனில் நேரம் பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் செய்து தரச் சொன்னார். செய்து கொடுத்தாள். செவ்வாய்க்கிழமையையும் வெள்ளிக்கிழமையையும் யாரும் தொட முடியாதபடி அடைத்து, 'இடமில்லை' என்று காட்ட வைத்தாள். அதை அண்ணன் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. செவ்வாய், வெள்ளியில் யார் முடி வெட்டுவார்கள்? அந்த நாளில் நகவெட்டியைக் கையில் எடுத்தாலே வீட்டில் திட்டு விழும். கடை திறந்திருந்தாலும் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பக்கத்தை மாதிரிக்கு வைத்து, வெளிநாட்டுக்காரர்கள் வேலைக்கு ஆள் தேடும் இணையதளம் ஒன்றில் தன் பெயரைப் பதிந்தாள். வெகுநாள் ஈ, காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை. பிறகு அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து டெக்லன் என்பவர் எழுதினார். அவரும் முடிதிருத்துபவர். கடையில் அவரும் பிரிஜிட் என்ற பெண்மணியும்தான். 'இதே மாதிரி எனக்கும் வேண்டும்' என்றார். தாமரை கடைப்பெயரை மாற்றினாள், நிறத்தை மாற்றினாள், விலையை மாற்றினாள், அனுப்பிவைத்தாள். டெக்லன் ஐந்து நட்சத்திரம் போட்டார். பணம் வந்து சேர்ந்த அன்று அவளும் பாலனும் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மட்டன் பிரியாணி சாப்பிட்டார்கள். கணவனுக்குத் தன் காசில் வாங்கிக்கொடுத்துச் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று! அவளுக்குக் கண் கலங்கியது. காரம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

டெக்லன் சொல்லி, அதே ஊர்ப் பல் மருத்துவர் ஒருவரும் விசாரித்தார். அதுவும் அமைந்துவிட்டால் வேறு கிடங்கு எதற்கும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை என்று தாமரை மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். அவளிடம் காட்டுவதற்கு இருந்த ஒரே சான்று டெக்லன் போட்ட அந்த ஐந்து நட்சத்திரம்தான்.

சில வாரம் கழித்து, காலையில் துணி ஊறவைத்துவிட்டு வந்தவள் டெக்லனின் செய்தியைப் பார்த்தாள். 'பக்கம் அருமை. இப்போது எல்லாரும் அதில்தான் நேரம் பிடிக்கிறார்கள். ஏனோ செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஒருவர்கூட இல்லை. முன்பெல்லாம் வெள்ளிதான் பெரிய கூட்டம். ஊர் மாறிவிட்டது போலும். அந்த இரண்டு நாளும் வர வேண்டாம் என்று பிரிஜிட்டிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கஷ்டம்தான். என்ன செய்வது, கம்ப்யூட்டரில் காட்டுகிறதே.'

தாமரை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்: நேரம் பிடிக்க வருகிறவர்களுக்கு அந்த இரண்டு நாளும் 'இடமில்லை', டெக்லனின் பட்டியலில் வெறும் காலி. பெயரையும் நிறத்தையும் விலையையும் மாற்றத் தோன்றியவளுக்குக் கிழமையை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அயர்லாந்திலும் வெள்ளிக்கிழமை முடி வெட்ட மாட்டார்கள் என்று நினைத்தாளா என்று கேட்டால், அப்படி நினைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் யோசனையே போகவில்லை.

சரிசெய்வது ஒரே வரி வேலை. ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் முடித்துவிட்டாள். முடித்த பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை.

பாலன் பசியாறிக்கொண்டே விஷயத்தைக் கேட்டான். "சரி பண்ணிட்டல்ல? அப்புறம் என்ன? இனிமே கூட்டம் வரும், அவரும் சந்தோஷப்படுவாரு. அவருக்கு எங்க தெரியப் போவுது?"

"அந்தம்மாவ வேணாம்னு சொல்லிட்டாருங்க."

"கூட்டம் வந்தா திரும்பக் கூப்பிடுவாரு லா. நீ வாயக் கொடுத்து ஸ்டாரைக் கெடுத்துக்காத. டெண்டிஸ்ட் வேலையும் போயிடும்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது. "கூப்பிடுவாரு. ஆனா இத்தன நாளும் தன்னாலதான் கூட்டம் வரலன்னு அந்தம்மா நெனச்சிருப்பாங்க. கிடங்குல வேலை போனப்ப நானும் என் மேலதான் தப்புன்னு நெனச்சேன்," என்றாள். பாலன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அவள் தோளைத் தொட்டுவிட்டு லோரிக்குப் போனான்.

தாமரை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள். 'உங்கள் ஊர் மாறவில்லை. கதவை அடைத்தது நான்தான். எங்கள் பக்கம் செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டுவதில்லை. அதை உங்கள் பக்கத்திலும் எழுதிவிட்டேன். இப்போது சரிசெய்துவிட்டேன். வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறேன். பிரிஜிட்டிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.'

பதில் வரச் சுணங்கியது. வந்தபோது ஒரே வரிதான்: 'பணம் வேண்டாம். பிரிஜிட்டுக்கு நஷ்டமானதை நான் பார்த்துக்கொள்கிறேன்.' ஐந்து நட்சத்திரம் மூன்றாகிவிட்டது. பல் மருத்துவர் பிறகு எழுதவே இல்லை. அவளுக்கு வலித்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஷா ஆலமில் ஒரு கிடங்குக்கு விண்ணப்பமும் போட்டுவைத்தாள். வேறு யாராவது விசாரித்தால், 'உங்கள் கடை எந்தெந்த நாள் திறந்திருக்கும்?' என்பதுதான் இப்போது அவளுடைய முதல் கேள்வி.

வெள்ளிக்கிழமை வந்தது. மனசு கேட்காமல் டெக்லனின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை எல்லா நேரமும் நிரம்பியிருந்தது. பாதிக்கு மேல் பிரிஜிட்டின் பெயர். இந்த முறை 'இடமில்லை' என்பது நிஜம்.

மறுநாள் டெக்லனின் கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. எழுதியிருந்தது அவர் இல்லை. 'நான் பிரிஜிட். திரும்ப வேலைக்கு வந்துவிட்டேன். ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்குமே தெரிந்திருக்காது. ஏன் சொன்னீர்கள்?'

தாமரை என்னென்னவோ எழுதிப் பார்த்து அழித்தாள். கடைசியில் இதை மட்டும் அனுப்பினாள்:

'எனக்கும் இப்படித்தான் வேலை போனது. என்னிடம் யாரும் வந்து சொல்லவில்லை.'