மூன்றாம் வருடத்து ரதி

இலங்கை சுதந்திரம் பெற்ற வருடத்தில் பிறந்தவன் என் மகன். நாலு வயதில் ஓயாமல் பாடுவான். பிள்ளைக் காம்பராவில் ஆயா பாடும் தாலாட்டு, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரித்துக் கங்காணி போடும் சத்தம், மேடேறும் லாரியின் முனகல் எல்லாம் அவன் வாயில் பாட்டாகிவிடும். மலையூற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "பாடுடா வாத்தியார் மவனே" என்பார்கள். சொல்லும் முன்பே தொடங்கிவிடுவான்.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியர். மாசி மாதத்தில் லயத்துத் தொழிலாளர்கள் ஆடும் காமன் கூத்துக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். மன்மதனைச் சிவன் எரித்துவிட, மனைவி ரதி புலம்புகிற கதை. ரதியாக ஆண்பிள்ளைதான் வேடம் கட்டுவான். ஒருமுறை கட்டினால் மூன்று வருடம் தொடர்ந்து கட்டவேண்டும்.

மகனுக்குப் பதினோரு வயதில் ரதி வேடம் கட்டினேன். தாயின் கூறைப்புடவையில் அவன் அழுது பாடியபோது பெண்கள் காலில் விழுந்தார்கள். மறுநாளும் வளையலைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தான். அடுத்த வருடம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வாத்தியார் மகன், வாத்தியார் மகன் என்ற பேச்சு எனக்கு இனித்தது.

மூன்றாம் வருடம் தோள் அகன்றிருந்தான். மேலுதட்டில் கருமை படர்ந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பையன்கள் கூவுவார்கள்:

"ஏண்டி ரதி, ஒம் புருசன் எரிஞ்சிட்டானாமே! மீசை வச்சி அழுவுறியாடி?"

ஒரு மாலை அவன் என் நாற்காலியருகே வந்து நின்றான்.

"அப்பா, இந்த வருசம் நான் கட்டலப்பா. வேற ஆளப் போடுங்க."

"நடுவுல விட்டா சாமி குத்தம்டா."

"எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா."

"சிரிச்சிட்டுப் போறாங்க."

மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "அவன் வளந்துட்டானுங்க. பாத்தா தெரியலியா ஒங்களுக்கு?"

பெரிய கங்காணியும் வந்து சொன்னார். "வாத்தியாரய்யா, ஒரு தேங்காய ஒடச்சி சாமிகிட்ட சொல்லிட்டு வேற புள்ளைக்குக் கட்டலாங்க. முன்னயும் செஞ்சதுதான்."

நான் கேட்கவில்லை. சாமிக்குப் பயந்து அல்ல. அந்தப் புகழை விட மனமில்லை. என் சவரக்கத்தியாலேயே அவன் உதட்டை மழித்தேன். அது அவனுடைய முதல் சவரம். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

புலம்பல் பாட்டின் நடுவில் அவன் குரல் உடைந்தது. ஒரு சொல் ஆணின் உறுமலாக வந்தது, அடுத்தது கீச்சென்று. முதலில் பையன்கள் சிரித்தார்கள், பிறகு பெண்கள், பிறகு கூட்டம் முழுவதும். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கூச்சத்தை மறைக்கச் சிரித்ததாக வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். வேடிக்கையாக இருந்தது, சிரித்தேன். அவன் அந்தக் குரலோடு கடைசி அடி வரை பாடி முடித்தான்.

பிறகு அவன் பாடி நான் கேட்டதில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். வகுப்பில் எத்தனையோ சளசளப்பான பிள்ளைகள் மீசை முளைத்ததும் வாயடைத்துப் போவதைப் பார்த்தவன் நான். இவனும் அப்படித்தான் என்று மனைவியிடம் வாதிட்டேன். வயது செய்தது எவ்வளவு, நான் செய்தது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

பதினாறு வயதில் நுவரெலியாவில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். லீவுக்கும் வீட்டுக்கு வருவதில்லை. மறு வருடம் நானே பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்பதாக நினைப்பு.

"வாங்கப்பா. சாப்பிட்டீங்களா?" என்றான். தேநீர் வாங்கிவந்து வைத்தான். ஏதாவது பேசுவான் என்று காத்திருந்தேன். கலைந்த சீத்தைத் துணிகளை மடிக்கப் போய்விட்டான். முதலாளி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தங்கமான புள்ள மாஸ்டர். இங்க மத்தப் பொடியனுகள் பாட்டும் கூத்துமாத்தான் கெடப்பானுகள். இவன் வாயே தொறக்க மாட்டான். எப்படி இப்படி அடக்கமா வளத்தீங்க?"

மகன் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கும். சொல்ல வந்ததைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் தேநீரைக் குடித்து முடித்தேன். அவன் வெளியே போய் பஸ் எப்போது என்று விசாரித்து வந்து, இப்பவே கிளம்பினால் பிடித்துவிடலாம் என்றான்.